காலா கொலோரிட்சே

இத்தாலியின் சார்டீனியாத் தீவில், கிழக்குக் கரையோரம் இருக்கும் காலா கொலோரிட்சே என்னும் கடற்கரைக்குப் போன மாதம் போய் வந்தேன். சாலை கிடையாது, கோல்கோ பீடபூமியிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர், பழைய கழுதைப் பாதையில் ஓக், ஜூனிப்பர் மரங்களுக்கிடையே இறங்கித்தான் சேர வேண்டும். இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் முழங்கால்கள் கணக்குக் கேட்டன.

1962ஆம் ஆண்டு நேர்ந்த பாறைச் சரிவால் உருவான இந்தச் சிறு விரிகுடாவை மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்திருக்க, அவற்றுக்கு நடுவே 143 மீட்டர் உயரமுள்ள பாறை ஊசியொன்று தனியே நிமிர்ந்து நிற்கிறது. காலடியில் மணல் இல்லை, பட்டாணி அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை வெண்ணிறக் கூழாங்கற்கள்தாம். அலை பின்வாங்கும்போதெல்லாம் அவை உருண்டு, சோழிகளைக் குலுக்குவதுபோல் ஒலித்தன. நீரில் நின்றபோது கணுக்காலருகே திடீரென ஒரு குளிர்ச்சி. கடலடியில் நன்னீர் ஊற்றுகள் இருப்பதாகப் பிறகுதான் அறிந்தேன்.

ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசை வந்தது. ஆனால் சார்டீனியக் கடற்கரைகளிலிருந்து மணலோ கல்லோ எடுத்துச் செல்வோருக்கு 500 முதல் 3000 யூரோ வரை அபராதம் விதிக்கும் சட்டம் 2017 முதல் இருக்கிறது. நியாயமான சட்டம் என்றே சொல்வேன். பிற்பகலில் பாறைகளின் நிழல் மெல்லக் கரையில் விழத் தொடங்கியதும் ஏறக் கிளம்பினோம்.