ஈரப்பதக் கேள்விகளில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

போட்டித் தேர்வுப் புவியியலில் ஈரப்பதம் சின்னப் பாடம். ஆனால் வரையறைகளைத் தலைகீழாக ஒப்பிப்பவர்களும் கூற்று–காரணம் வகைக் கேள்வி வந்தால் தடுமாறுகிறார்கள். காற்றில் இப்போது இருக்கும் நீராவி ஒரு கணக்கு. அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவி வேறு கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாததுதான் சிக்கல்.

அதற்கு ஐந்து எண்கள் போதும். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கக்கூடிய உச்ச நீராவி: 0 டிகிரி செல்சியஸில் 4.8 கிராம், 10-இல் 9.4, 20-இல் 17.3, 30-இல் 30.4, 40-இல் 51.1. இதை வரைபடமாகப் போட்டால் நேர்கோடு வராது, மேல்நோக்கி வளையும். அந்த வளைவைக் கையால் ஒருமுறை வரைந்துவிடுங்கள்.

இப்போது 30 டிகிரியில் 15.2 கிராம் நீராவி உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். ஒப்பு ஈரப்பதம் என்பது இருக்கும் நீராவி உச்ச அளவில் எத்தனை சதவீதம் என்பது: 15.2-ஐ 30.4-ஆல் வகுத்தால் 50 சதவீதம். நீராவியைத் தொடாமல் 20 டிகிரிக்குக் குளிரவிட்டால் 88 சதவீதம். 40-க்குச் சூடாக்கினால் 30. உள்ளே இருக்கும் நீர் அதேதான், சதவீதம் மட்டும் ஆடுகிறது. ஏறத்தாழ 18 டிகிரியில் 100-ஐத் தொடும். அதுவே பனிவிழு நிலை. 10 டிகிரிக்கு இறங்கினால் 9.4 கிராம் போக மிச்சம் 5.8 கிராம் நீர்த்துளியாகிவிடும். (குளிரும்போது காற்றின் கன அளவு சற்றுச் சுருங்குவதை இங்கே விட்டுவிடுகிறோம், தேர்வுக் கணக்குகளும் விட்டுவிடும்.)

‘அதிகாலையில் ஒப்பு ஈரப்பதம் அதிகம், ஏனெனில் இரவில் ஆவியாதல் அதிகம்’ என்று கேட்டால் இனி ஏமாற வேண்டாம். கூற்று சரி, காரணம் தவறு. குளிர்ந்ததால் உச்ச அளவு இறங்கியது, அவ்வளவே.

அடுத்து, மலையேறும் காற்றின் கணக்கு. தெவிட்டாத காற்று, அதாவது ஒப்பு ஈரப்பதம் 100-ஐத் தொடாத காற்று, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். தெவிட்டிய பின், நீராவி நீர்த்துளியாகும்போது அதனுள் அடங்கியிருந்த வெப்பம் (உள்ளுறை வெப்பம்) வெளிப்படுவதால் குளிர்தல் மந்தமாகும். கணக்குக்கு 6 என்று வைக்கலாம். 30 டிகிரியில் கிளம்பும் காற்று 1,000 மீட்டரில் தெவிட்டினால் அங்கே 20, 2,000 மீட்டர் உச்சியில் 14. மழையை அங்கேயே கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாக 10 வீதம் சூடேறி, அடிவாரத்தில் 34. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் கிழக்கே வறண்டு வெப்பமாவதில் இந்தச் செயல்பாட்டுக்குப் பங்கு உண்டு. பலர் செய்யும் பிழை, இறக்கத்துக்கும் 6-ஐப் போடுவது. இன்னொன்று, 6.5-ஐ இங்கே நுழைப்பது. 6.5 என்பது உயரத்தோடு சுற்றுப்புற வளிமண்டலத்தின் வெப்பம் குறையும் சராசரி வீதம். மேலெழும் காற்றுக் கட்டிக்கு அது பொருந்தாது.

உள்ளுறை வெப்பத்தில் இரண்டு எண்கள் குழப்பும். ஒரு கிராம் நீர் ஆவியாக 100 டிகிரியில் 540 கலோரி, 0 டிகிரியில் சுமார் 597. கேள்வியில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள். பனிக்கட்டி உருக 80 கலோரி.

ஈர, உலர் குமிழ் வெப்பமானிக் (ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிய இரட்டை வெப்பமானி) கேள்வி எளிது: இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று வறண்டது, வித்தியாசமே இல்லையென்றால் 100 சதவீதம். ஈரக் குமிழின் துணி காய்ந்தால் வித்தியாசம் குறைந்து, ஈரப்பதம் பொய்யாக அதிகமாகத் தெரியும்.

‘ஈரக் காற்று கனமானது’ என்பதும் பொறிதான். நீராவியின் மூலக்கூறு எடை 18, உலர்காற்றின் சராசரி 29. அதே வெப்பநிலை, அதே அழுத்தத்தில் ஈரக் காற்றே இலேசு.

உறைபனியை ‘உறைந்த பனித்துளி’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். பனிவிழு நிலை 0-க்குக் கீழே இருக்கும்போது நீராவி திரவமாகாமல் நேரடியாகப் பனிப்படிகமாகப் படிகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைப் புல்வெளிகளை வெளுக்கவைப்பது இதுதான். பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி என்ற வரம்பையும் இதனுடனேயே படித்துவிடுங்கள். பொருத்துக பகுதியில் இவை சேர்ந்தே வரக்கூடும்.