ஏரி பக்கத்தில், குடிநீர் முதுகில்

பாலைவன ஏரிக்கரைக்குப் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, கண்ணெதிரே இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே என்று பாட்டிலைக் குறைத்துக்கொள்வதுதான். நீர் வெளியேற வழியில்லாத ஏரியில் தண்ணீர் ஆவியாகிவிடும், ஆறு அடித்து வந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு என்றால், அப்படிப்பட்ட ஏரியான சாக்கடலில் அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு. கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அது போகாது. அமெரிக்காவின் மீட் ஏரி மாதிரி அணை கட்டித் தேக்கிய நன்னீராக இருந்தாலும், நீலப்பச்சைப் பாசி பிடித்திருந்தால் அதன் நச்சு கொதிக்க வைத்தும் அடங்காது.

ஆகவே சுமந்துதான் ஆகவேண்டும். வெயிலில் நடக்கும் பெரியவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதி. பெரியவர் இருவர், சிறியவர் இருவர், நான்கு மணி நேரம் என்றால் 9 லிட்டர். எடையும் 9 கிலோ! காரில் தனியாக 5 லிட்டர் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் சரி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். நடுநடுவே உப்புப் போட்ட கொறிப்பு கொடுங்கள்.

விடியலில் கிளம்பி, பத்தரைக்குள் காருக்கு வந்துவிட வேண்டும். மரமில்லாத வெளியில், தெளிந்த காற்றில், கரையின் அந்த முனை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கண்ணை நம்பாதீர்கள், வரைபடத்தில் அளந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகள் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. போய்வர ஐந்து கிலோமீட்டர் போதும்.

நீர்மட்டம் இறங்கிய கரைதான் வம்பு. மேலே வெள்ளையாகக் காய்ந்த பொருக்கு, கட்டாந்தரை போலவே இருக்கும். கால் வைத்தால் மொறுக்கென்று உடைந்து, அடியில் கருஞ்சேறு முழங்கால்வரை இழுக்கும். குச்சியால் குத்திப் பார்த்து, சரளை தெரியும் மேட்டிலேயே நடங்கள். சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குதிகாலுக்கடியில் காற்று புக இடமில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும், ஷூ மட்டும் உள்ளே நின்றுவிடும். பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கரையிலிருந்து ஏரிப்பக்கம் அடிக்கும் காற்று, நீந்திப் பிடிப்பதற்குள் அதை நடு ஏரிக்குக் கொண்டுபோய்விடும். தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். குடித்தால் அல்ல, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. தலையை முக்க விடாதீர்கள்.

தொணதொணத்துக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், நின்று கவனியுங்கள். நிழலில் உட்காரவைத்து, சட்டையை ஏரியில் நனைத்துப் போட்டு விசிறுங்கள். குடிக்க உதவாத தண்ணீர் இதற்கு உதவும். பேச்சு குழறினால் உடம்பு முழுக்க நனைத்துக் குளிர்வித்தபடியே அவசர உதவியை அழையுங்கள். சிக்னல் இல்லாத கரைகளே அதிகம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தால்தான் தேடி வருவார்கள்.

காருக்கு வந்ததும் கதவுகளைத் திறந்துபோட்டு, சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டுப் பார்த்தபிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள். வெயிலில் கிடந்த அந்த உலோகம் தோலைச் சுட்டுவிடும்.