அந்த ஒற்றைத் தூணின் முன்னால்

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த இரவில் அம்மா பொருத்தனை வைத்தது வேளாங்கண்ணிக்கு அல்ல, ஃபோர்ட் கொச்சி திருச்சிலுவைப் பசிலிக்காவுக்கு. கல்யாணமான புதிதில் அப்பாவுக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை. அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அந்தக் கோயிலில்தான். அப்பா நடக்க ஆரம்பித்ததுமே, "ஆண்டவர் அவர் பங்கைச் செஞ்சுட்டாரு, நாம போகணும்" என்று கிளம்பிவிட்டார் அம்மா.

எர்ணாகுளம் படகுத்துறையில் வெயிலில் நீண்ட வரிசை. அக்கரையில் ஏறிய ஆட்டோ நேரே கோயிலுக்குப் போகவில்லை. மசாலாக் கடை, கைவினைக் கடை என்று இரண்டு இடத்தில் நிறுத்தி, "சும்மா பாருங்க" என்று வற்புறுத்தினார் ஓட்டுநர். ஆபரேஷன் ஆன மனிதரை வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதாயிற்று. நேர்ச்சைக்கு வருகிறவர்களை இப்படி அலைக்கழிக்கவே கூடாது.

வழியில் புனித பிரான்சிஸ் ஆலயத்திலும் இறங்கினோம். 1503-இல் மரத்தால் கட்டி, பிறகு 1516-இல் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பியது. 1663-இல் டச்சுக்காரர் கைக்குப் போய்ச் சீர்திருத்த சபையார் ஜெபித்தார்கள், ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் ஆலயமானது, இப்போது தென்னிந்தியத் திருச்சபையினுடையது. வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடத்தைச் சுற்றி ஒரே கேமரா கூட்டம். மேலே தொங்கும் பழைய துணி விசிறிகளைப் பார்த்தபடி அப்பா சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பசிலிக்கா. உள்ளே நுழைந்ததும் அம்மா எதுவும் பேசவில்லை. பீடத்துக்கு முன் முழந்தாளிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. சுற்றிலும் வண்ண ஓவியங்கள். அவற்றில் பலவற்றை வரைந்த இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் மோஸ்கேனி, 1905-இல் இந்தக் கோயில் அபிஷேகம் ஆவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். தன் வேலை முழுமையடைந்த நாளை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது நெஞ்சு கனத்தது.

மெழுகுவர்த்தி ஏற்றி, காணிக்கை போட்டு வெளியே வந்தோம். வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் அப்பா வந்தாராம், அப்போதுதான் சொன்னார். 1505-இல் போர்த்துகீசியர் அடிக்கல் நாட்டிய பழைய கோயிலின் தூண் அது. டச்சுக்காரர் இந்த ஊரின் கத்தோலிக்க ஆலயங்களை இடித்தபோது புனித பிரான்சிஸ் ஆலயத்தையும் இந்தப் பழைய கோயிலையும் மட்டும் விட்டுவைத்து, இதை ஆயுதக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். நற்கருணை இருந்த இடத்தில் ஆயுதங்கள். 1795-இல் வந்த ஆங்கிலேயர் அதையும் தகர்த்தார்கள். புதிய கோயில் வேலை தொடங்கியது 1887-இல்தான். இடையில் ஏறக்குறைய 90 வருடம்!

அப்பா ஒரு கையைத் தூணில் வைத்தார். இன்னொரு கை தானாகவே நெஞ்சுத் தழும்பின் மேல் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றது எவ்வளவு நேரமோ தெரியாது. பக்கத்தில் யாரோ செல்ஃபி எடுக்க இடம் கேட்டார்கள், நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று கைகாட்டினேன். ஆபரேஷன் அறை வாசலில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. ஆண்டவரே, எங்களுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்தீரே! வேறு எந்த வார்த்தையும் வரவில்லை.

அம்மா ஜெபமாலையை எடுத்தார். பீடத்துக்கு முன் சொல்ல வைத்திருந்த ஐம்பத்துமூன்று மணியையும் அந்தத் தூணடியில் சொல்லி முடித்தோம். கடைசி மணிக்கு வந்தபோது அப்பாவின் குரல்தான் எங்கள் குரலைவிட உரத்துக் கேட்டது.