‘என் ஆர்டர் எங்கே?’ என்ற கேள்வி பிறக்கும் இடம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரும் அழைப்புகளை ஒரு வாரம் வகைபிரித்து எழுதிப் பாருங்கள். பொருளை அனுப்பி விற்கும் எந்தத் தொழிலாக இருந்தாலும் “என் ஆர்டர் எங்கே?” என்ற கேள்விதான் பெரும்பாலும் பட்டியலின் தலையில் நிற்கும். அதைப் பார்த்ததும் டிராக்கிங் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிடும். வரைபடம், நகரும் வண்டிப் படம், அடிக்கொரு குறுஞ்செய்தி என்று பணம் செலவாகும். அழைப்புகள் மட்டும் குறையாது. ஏனென்றால் பார்சல் வண்டியேறும் முன்பே அந்தக் கேள்வி பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியிருப்பார்கள். பொருள் இருந்தும் ஆள் இல்லாத கிடங்குக்கு ஆர்டர் போயிருக்கும். நாளை மறுநாள் முடியக்கூடியதை நாளைக்கே தருவதாகச் சொல்லியிருப்பார்கள். டிராக்கிங் இந்தப் பிழைகளை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். பிழையைத் திருத்த வேண்டிய இடம் ஒதுக்கீடு, அதாவது எந்த ஆர்டருக்கு எந்தப் பொருளை எந்தக் கிடங்கிலிருந்து எந்தத் தேதிக்குத் தருவது என்ற முடிவு.

ஒதுக்கீட்டின் அடிப்படை ஒரே ஓர் எண்: இந்த நிமிடம் விற்கக்கூடிய இருப்பு. அலமாரியில் 40 இருக்கிறது என்பதால் 40ஐயும் விற்க முடியாது. அதில் 22 ஏற்கெனவே வேறு ஆர்டர்களுக்கு உறுதியாக ஒதுக்கப்பட்டவை. 6 பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகத் தற்காலிகமாகப் பிடித்து வைத்தவை. 3 சேதம் என்று சந்தேகப்பட்டுத் தனியே வைத்தவை. எண்ணிக்கைப் பிழைக்கு ஈடாக 2ஐ விற்காமல் வைக்கிறோம். மிச்சம் 7. இந்தக் கழித்தல் ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ‘இருப்பு’ என்ற ஒரே கட்டத்தில் கூட்டிக் கழித்து வைத்திருக்கும் இடங்களில், எண் தவறும்போது எங்கே தவறியது என்று தேடிக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

தற்காலிகப் பிடிப்புக்குக் காலக்கெடு கட்டாயம். 15 நிமிடம் என்று வைத்தால், அதற்குள் பணம் வராதபோது பொருள் தானாக விற்பனைக்குத் திரும்ப வேண்டும். இங்கே இரண்டு கோளாறுகள் வழக்கமாக வரும். முதலாவது, கெடு முடிந்தும் விடுவிக்கப்படாத பிடிப்புகள். பின்னணியில் ஓடும் நிரல் ஒரு நாள் நின்றுபோனால், அலமாரியில் பொருள் இருக்க, திரையில் ‘ஸ்டாக் இல்லை’ என்று வரும். இரண்டாவது இதைவிட மோசம்: 14ஆம் நிமிடத்தில் பணம் கட்டப்பட்டு, வங்கியின் உறுதி 17ஆம் நிமிடத்தில் வந்து சேரும், அதற்குள் பொருள் இன்னொருவருக்குப் போயிருக்கும். பணம் செலுத்தும் படி தொடங்கியவுடன் கெடுவை ஒருமுறை நீட்டித்துவிட்டால் இது பெரும்பாலும் தீரும்.

ஒரே பொருளை இருவருக்கு விற்பதற்கு இன்னொரு காரணம் மென்பொருளில் ஒளிந்திருக்கிறது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் இருப்பைப் படிக்கின்றன. இரண்டுக்கும் 1 என்று தெரிகிறது. இரண்டும் 0 என்று எழுதுகின்றன. முதலில் படி, பிறகு எழுது என்று இரண்டு படிகளாக இருக்கும்வரை இது நடந்தே தீரும். ‘இருப்பு போதுமானால் மட்டும் குறை’ என்று ஒரே கட்டளையாக எழுதி, தரவுத்தளத்தில் எத்தனை வரிசைகள் மாறின என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஒதுக்கீடு தோற்றது. அதை அந்தக் கணமே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். பணம் வாங்கி இரண்டு நாள் கழித்துச் சொல்வதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பதிவில் இருக்கும் எண் அலமாரியோடு ஒத்துப்போகிறதா என்பது அடுத்த கேள்வி. பட்டியலில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று வைத்து, 100 பொருள் வரிகளில் 97 சரியாக இருந்தால் நல்ல நிலைதான் என்று தோன்றும். ஆனால் ஓர் ஆர்டரில் நான்கு பொருள் இருந்தால், நான்கும் சரியாகக் கிடைக்கும் வாய்ப்பு 0.97ஐ நான்கு முறை பெருக்கக் கிடைக்கும் 0.885. அதாவது 100 ஆர்டர்களில் பதினொன்றுக்கு மேல் ஏதோ ஒரு பொருள் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை கிடங்கை மூடிவிட்டு எண்ணுவது இதற்குப் போதாது. வேகமாக ஓடும் பொருள்களை வாரம் ஒருமுறையும், நடுத்தரமானவற்றை மாதம் ஒருமுறையும், மெதுவானவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சுழற்சியில் எண்ணுவது நடைமுறைக்கு ஒத்துவரும். பதிவில் 0 அல்லது 1 என்று காட்டும் இடங்களை அவ்வப்போது பார்த்துவிடுங்கள். எண்ண அரை நிமிடம்கூட ஆகாது. பிழை அதிகம் சிக்குவதும் அங்கேதான்.

பொருளை எடுக்கப் போனவர் காலி அலமாரியைப் பார்க்கும் தருணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே ஒரு கிடங்கை எடை போட்டுவிடலாம். அவரை மணிக்கு எத்தனை வரி எடுத்தார் என்று மட்டும் அளந்தால், அவர் ‘எடுத்தாயிற்று’ என்று பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார். பிரச்சினை பேக்கிங் மேசையில் வெளிப்படும். அங்கும் அவசரம் என்றால் பெட்டி குறையோடு மூடப்பட்டு, வாடிக்கையாளர் திறக்கும்போதுதான் தெரியவரும். எடுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவுகோல் அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. ‘இல்லை’ என்று பதிவதற்கு ஒரே பொத்தான் போதும்படி வைத்து, அதை அவருடைய கணக்கில் முடித்த வரியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியதும் அந்த இடத்திலிருந்து புதிதாக ஒதுக்குவது நிறுத்தப்பட வேண்டும், எண்ணும் பணி ஒன்று உருவாக வேண்டும், அதே பொருள் வேறு அலமாரியிலோ வேறு கிடங்கிலோ இருக்கிறதா என்று மென்பொருள் தேட வேண்டும். அரை மணி நேரத்தில் வழி கிடைக்காவிட்டால் வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும்: மீதியை இப்போதே அனுப்பவா, எல்லாம் சேர்ந்து வரட்டுமா, பணத்தைத் திருப்பவா.

எந்தக் கிடங்கிலிருந்து அனுப்புவது என்ற விதியைப் பல இடங்களில் ‘அருகில் இருப்பது’ என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். மூன்று பொருள் கொண்ட ஆர்டரில் அருகிலுள்ள கிடங்கில் இரண்டு இருக்கும், தொலைவில் உள்ளதில் மூன்றும் இருக்கும். அருகிலிருந்து இரண்டும் தொலைவிலிருந்து ஒன்றும் அனுப்பினால் இரண்டு பெட்டி, இரண்டு நாள், இரண்டு முறை கதவு திறப்பது. என் கணிப்பில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: சொன்ன தேதிக்குள் சேருமா என்பது முதலில், எத்தனை பெட்டிகள் என்பது அடுத்து, அதன் பிறகே தூரமும் செலவும். தேதிக்குச் சேராத கிடங்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் பட்டியலிலேயே வரக்கூடாது.

இருப்பு இருந்தால் போதாது, கைகளும் வேண்டும். ஆறு பேக்கிங் மேசைகள், மேசைக்கு மணிக்கு 25 பெட்டி, 7 மணி நேர உழைப்பு என்றால் ஒரு நாளைக்கு 1050 பெட்டி. அன்றைக்கு 1400 ஆர்டர்களை அங்கே ஒதுக்கினால் 350 மறுநாளுக்குத் தள்ளும். மறுநாள் வரும் ஆர்டர்கள் இந்த 350க்குப் பின்னால் நிற்கும். ஒரு நாள் நெரிசல் வாரம் முழுவதும் நீளுவது இப்படித்தான். கொள்ளளவின் 85 விழுக்காட்டில், இங்கே சுமார் 890 பெட்டிகளில், ஒதுக்கீட்டை நிறுத்தி, அடுத்து வருபவற்றை வேறு கிடங்குக்கோ அடுத்த தேதிக்கோ திருப்புவது நல்லது. ஆள் விடுப்பு, இயந்திரக் கோளாறு, காலி அலமாரி எல்லாம் அந்த மீதி 15 விழுக்காட்டில் அடங்கும்.

‘இந்த நேரத்துக்குள் ஆர்டர் செய்தால் இன்றே அனுப்புவோம்’ என்ற கெடு நேரத்தை வண்டி புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வண்டி மாலை 6 மணிக்கு. ஏற்ற 30 நிமிடம், பிரிக்க 30, பேக்கிங் 45, எடுக்க 60, ஒதுக்கீடும் பட்டியல் அச்சும் 15. மொத்தம் 3 மணி நேரம். ஆக கடைசி ஆர்டர் 3 மணிக்கு. அரை மணி நேரம் கூடுதலாக விட்டு, வெளியே சொல்வது 2.30. விற்பனைப் பிரிவு 5 மணி என்று விளம்பரம் செய்திருந்தால், 3 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் வரும் ஒவ்வோர் ஆர்டரும் பிறக்கும்போதே தாமதம்.

பெரிய ஆர்டர்கள் இன்னொரு சிக்கல். பத்து பொருளில் ஒன்பது கிடைத்து, ஒன்று இல்லை என்றால், ஒன்பதும் உறுதியாக ஒதுக்கப்பட்டு நாள்கணக்கில் கிடக்கும். அதே ஒன்பதுக்காகச் சின்ன ஆர்டர்கள் வரிசையில் காத்திருக்கும். குறையும் பொருள் வரும் தேதி தெரியும்வரை அந்த ஒன்பதைத் தளர்வான, தேவைப்பட்டால் வேறு ஆர்டருக்கு மாற்றக்கூடிய பிடிப்பாகவே வைத்து, சரக்கு வரும் நாளுக்கு முன்னால் உறுதிசெய்வது சரி. வரிசையை ஆர்டர் வந்த நேரப்படி அமைக்காமல், வாக்களித்த தேதிப்படி அமைக்க வேண்டும். முன்னுரிமை வாடிக்கையாளர்கள் என்று ஒரு வகை இருந்தால், சாதாரண ஆர்டர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வரிசையில் அதன் முன்னுரிமை மதிப்பெண் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அது எப்போதும் அடியிலேயே கிடக்கும்.

இவ்வளவும் ஓரளவு சரியான பிறகு டிராக்கிங் பற்றிப் பேசலாம்.

வாடிக்கையாளரை அதிகம் கோபப்படுத்தும் பொய், லேபிள் அச்சானதை ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டுவது. லேபிள் அச்சாகி இரண்டு நாள் பெட்டி மேசையிலேயே இருக்கலாம். கூரியர் ஆள் தன் கருவியில் ஸ்கேன் செய்த பிறகே ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல் திரையில் வர வேண்டும். மாலையில் ஒப்படைத்த பெட்டிகளின் பட்டியலையும் கூரியர் ஸ்கேன் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றை அன்றிரவே தேடினால் பெட்டி இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

டிராக்கிங் எண் ஆர்டருக்கு உரியதன்று, பெட்டிக்கு உரியது. இரண்டு பெட்டியாகப் பிரிந்த ஆர்டரில் ஒன்று வந்து சேர்ந்ததும் ‘உங்கள் ஆர்டர் ஒப்படைக்கப்பட்டது’ என்று செய்தி போனால், மற்றது தொலைந்துவிட்டது என்றுதான் வாங்கியவர் நினைப்பார். ‘2 பெட்டிகளில் 1 வந்துவிட்டது, மற்றது வியாழனன்று’ என்று எழுதினால் அழைப்பே வராது.

எண்ணைக் கையால் தட்டச்சு செய்யும் இடம் எங்காவது மிச்சமிருந்தால் எண் சரியா என்று கணக்கிட்டுப் பார்க்க உதவும் சோதனை இலக்கத்தைப் பயன்படுத்துங்கள். சர்வதேச அஞ்சல் பார்சல் எண்களில் இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சோதனை இலக்கம், இரண்டு எழுத்து நாட்டுக்குறி என மொத்தம் 13 இடங்கள். எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்ள வேண்டும். 47312482க்குக் கூட்டல் 200, மீதி 2, சோதனை இலக்கம் 9. ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. தவறான எண் வாடிக்கையாளருக்குப் போவதற்கு முன்பே நிற்கும்.

கூரியர்களிடமிருந்து வரும் நிகழ்வுகள் நேர்வரிசையில் வருவதில்லை. கையடக்கக் கருவிக்கு இணைப்பு கிடைக்காத பகுதியில் செய்த ஸ்கேன், மணிக்கணக்கில் கழித்து வந்து சேரும். ‘ஒப்படைக்கப்பட்டது’ வந்த பிறகு ‘வண்டியில் ஏறியது’ வரும். வந்த வரிசையில் காட்டினால் பார்சல் பின்னோக்கி நகரும். ஆகவே நிகழ்ந்த நேரம், நமக்கு வந்த நேரம் என்று இரண்டையும் சேமித்து, நிகழ்ந்த நேரப்படி அடுக்க வேண்டும். நேரம் எந்த மண்டலத்துக்கு உரியது என்பதும் கூடவே பதிவாக வேண்டும். ஒரே நிகழ்வு இரண்டு முறை வருவதும் சகஜம். பெட்டி எண், நிகழ்வுக் குறி, நேரம், இடம் நான்கும் ஒன்றானால் இரண்டாவதை விட்டுவிடலாம். ஒவ்வொரு கூரியரும் தனக்கென்று நிறையக் குறிகள் வைத்திருக்கும். அவற்றை எட்டு ஒன்பது எளிய நிலைகளுக்குள் கொண்டுவந்து, அறியாத குறி வந்தால் தனிப் பட்டியலில் சேர்த்துத் தினமும் பார்ப்பது போதும்.

நிகழ்வு வருவதைப்போல நிகழ்வு வராததும் ஒரு செய்திதான். ஒவ்வொரு நிலையிலும் ஒரு பெட்டி வழக்கமாக எவ்வளவு நேரம் தங்கும் என்பது பழைய பதிவுகளிலிருந்து தெரியும். 100 பெட்டிகளில் 95 எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த நிலைக்குப் போயின என்று எடுத்து, அதைத் தாண்டினால் மணி அடிக்கும்படி வைக்க வேண்டும். சராசரியை வைத்தால் ஏறக்குறைய பாதிப் பெட்டிகளுக்கு மணி அடிக்கும். பிறகு யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். வாக்குத் தேதியைச் சராசரியில் கணக்கிடுவதும் இதே தவறுதான்: பாதிப்பேருக்குச் சொன்ன சொல் தவறும்.

தாமதம் உறுதியானதும் செய்தி அனுப்புங்கள். புதிய தேதி, ஒரு வரியில் காரணம், வாங்கியவர் இப்போது செய்யக்கூடியது ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். திரையில் பழைய தேதியைச் சத்தமில்லாமல் மாற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அவர் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்கிறார். புதிய தேதியும் தவறினால் முதல் தாமதத்தைவிடக் கோபம் அதிகம். அதனால் இரண்டாவது வாக்கைத் தாராளமாகவே கொடுங்கள்.

‘வீடு பூட்டியிருந்தது’ என்ற பதிவைச் சான்றில்லாமல் ஏற்கக்கூடாது. கருவி இருந்த இடம், அழைத்த நேரம், கதவின் படம் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை இல்லாத பதிவுகள் நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் குவிந்தால், ஓட்டுநருக்கு முடிக்க முடியாத அளவு பெட்டிகள் ஏற்றப்படுகின்றன என்றே முதலில் எடுத்துக்கொண்டு சுமையைச் சரிபாருங்கள்.

அளவிடும்போது, முழுமையாகவும் நேரத்திலும் சேர்ந்த ஆர்டர்கள் எத்தனை என்பதை முதலில் சொன்ன தேதியோடு ஒப்பிட வேண்டும். திருத்திய தேதியோடு ஒப்பிட்டால் எல்லாரும் எப்போதும் வெற்றிதான். அதோடு 100 ஆர்டர்களுக்கு எத்தனை ‘எங்கே’ அழைப்புகள் என்பதையும், அழைத்தபோது ஆர்டர் எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஒதுக்கீட்டு நிலையில் அழைப்பு அதிகம் என்றால் இருப்பு எண் தவறு. கூரியரிடம் ஒப்படைத்த நிலையில் அதிகம் என்றால் இரவு ஒப்பீடு நடக்கவில்லை.

தினமும் காலையில் கிடங்கு, கூரியர், சேவைப் பிரிவு மூன்றிலிருந்தும் ஒவ்வொருவர் கால் மணி நேரம் உட்கார்ந்து, மணி அடித்த ஆர்டர்களை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: முதலில் சொன்ன தேதி, கடைசி ஸ்கேன், இப்போது யார் கையில், வாடிக்கையாளருக்குச் சொல்லியாயிற்றா. நான்காவது கட்டம் காலியாக இருக்கும் ஆர்டர்களுக்கு, கூட்டம் கலைவதற்கு முன்பே செய்தி போக வேண்டும்.