ஐந்து விநாடித் தாமதத்தைத் தேடி: டிசிபிடம்பும் வயர்ஷார்க்கும் வைத்துச் செய்து பார்த்தது

வீட்டில் கோப்புகளைச் சேமிக்கவும் சிறு நிரல்களை ஓட்டவும் ராஸ்பெரி பை (சுருக்கமாகப் பை) என்ற சிறு கணினி ஒன்று வைத்திருக்கிறேன். சில வாரங்களாக அதிலிருந்து எந்த இணையதளத்தை அணுகினாலும், ஒரு நேரம் உடனே பதில் வரும். இன்னொரு நேரம் ஐந்து விநாடி நின்றுவிட்டு வரும். இணைப்பின் வேகத்தில் குறையேதும் தெரியவில்லை. தாமதம் மூன்றாகவோ ஏழாகவோ மாறாமல் ஒவ்வொரு முறையும் ஐந்தாகவே இருந்தது. நெரிசலால் வரும் தாமதம் இப்படி அளந்து வைத்தாற்போல் வராது என்பதால், எங்கோ ஒரு நிரல் குறித்த நேரம்வரை காத்திருந்து பிறகே அடுத்த முயற்சிக்குப் போகிறது என்று ஊகித்தேன்.

முதல் நாள் மாலை, வலையில் ஓடும் தரவைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை மடிக்கணினியில் திறந்து வைத்தேன். பை அனுப்பிய பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச் ஒரு பாக்கெட்டை அது சேர வேண்டிய கருவி இருக்கும் இணைப்புத் துளைக்கு மட்டுமே அனுப்பும் என்பதைப் படித்திருந்தும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆகவே பாக்கெட்டுகளைப் பிடித்துத் தரும் டிசிபிடம்ப் நிரலைப் பையிலேயே ஓட்டிக் கோப்பில் பதிவுசெய்து, அதை மடிக்கணினியில் வயர்ஷார்க்கில் படிக்கும் வழிக்கு மாறினேன். டிசிபிடம்ப் 1988-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது; வயர்ஷார்க் 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறியது. பத்தாண்டு இடைவெளியில் தோன்றிய இரண்டும் ஒரே கோப்பு வடிவத்தைப் புரிந்துகொள்வது பெரிய வசதி.

பதிவைத் தொடங்கும் முன் திரையில் நேரடியாகப் பார்த்தபோது, நான் கேட்காத டிஎன்எஸ் கேள்விகள் (தளத்தின் பெயருக்கும் ஐபி முகவரி என்ற எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கேட்பவை) வரிசையாக ஓடின. டிசிபிடம்ப் தான் காட்டும் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் பெயர் கண்டுபிடிக்கத் தானே கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தது. பெயர் தேட வேண்டாம் என்று சொல்லும் 'என்' விருப்பத்தைச் சேர்த்ததும் அவை அடங்கின. அளக்க வைத்த கருவியே அளவில் கலந்துவிடும் என்பதால், திரையில் பார்ப்பவர்கள் இந்த விருப்பத்தை விடவே கூடாது என்பேன்.

எந்தத் தளத்துக்கும் முதலில் பெயரைத் தேடியாக வேண்டும் என்பதால் டிஎன்எஸ் மேல் ஐயம் விழுந்திருந்தது; அதனால் அந்தக் கேள்விகள் போகும் வாயில் எண்ணான போர்ட் 53-ஐ மட்டும் இரவு முழுவதும் பதிவுசெய்தேன். வயர்ஷார்க் ஒவ்வொரு பதிலும் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கணக்கிட்டுத் தருகிறது. அதை வரிசைப்படுத்திப் பார்த்தால் எல்லாமே சில மில்லி விநாடிகள்தாம். டிஎன்எஸ் கேள்வியை நாமே அனுப்பிப் பார்க்க உதவும் டிக் கட்டளையால் பலமுறை கேட்டுப் பார்த்தேன். அதுவும் உடனுக்குடன் பதில் தந்தது. இரண்டு நாள் நான் வழி தவறியது இங்கேதான். பதில் வந்தால்தான் அந்தக் கணக்கு பிறக்கும். பதிலே வராத கேள்விக்கு எண்ணே கிடையாது. பதில் இணையாத கேள்விகளை மட்டும் வடிகட்டியதும் எஞ்சியவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்திருந்தன: ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரியைக் கேட்கும் குவாட்-ஏ (AAAA) கேள்விகள். பாக்கெட்டின் எண்களைப் பிரித்துப் பார்த்தும் உறுதிசெய்துகொண்டேன். 12 பைட் தலைப்பும் அதற்கடுத்த பெயரும் முடிந்ததும் வரும் இரண்டு பைட்டில் 1 இருந்தால் பழைய வகையான ஐபிவி4, 28 இருந்தால் ஐபிவி6. பதினாறடிமான எண்ணில் 28 என்பது 1சி.

முழு வரிசை இப்படி இருந்தது. பை ஒரே போர்ட்டிலிருந்து ஐபிவி4, ஐபிவி6 ஆகிய இரு கேள்விகளையும் அடுத்தடுத்து, கிட்டத்தட்ட ஒரே கணத்தில் அனுப்புகிறது. ரௌட்டர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறது. ஐந்து விநாடி அமைதி. பிறகு பை முதல் கேள்வியை மறுபடி அனுப்பி, பதில் வந்த பின்னரே இரண்டாவதை அனுப்புகிறது; இம்முறை இரண்டுக்கும் பதில் கிடைக்கிறது. பையில் ஓடும் லினக்ஸில் பெயர் தேடும் ஜிலிப்சி என்ற நிரல் தொகுப்பின் காத்திருப்பு நேரம் இயல்பாக 5 விநாடி, 2.9 பதிப்பிலிருந்து அது இரு கேள்விகளையும் இணையாக அனுப்புகிறது. டிக் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியையே கேட்பதால் அதன் கண்ணில் இந்தக் குறை படவே வழியில்லை. மற்ற நிரல்கள் கேட்பதுபோலவே கேட்கும் கெட்என்ட் கட்டளையால் சோதித்தபோது தாமதம் உடனே தலைகாட்டியது. ரௌட்டரை விட்டுவிட்டு கூகுளின் டிஎன்எஸ் சேவையான 8.8.8.8-ஐ நேரடியாகக் கேட்டால் இரு பதில்களும் ஒழுங்காக வந்தன. ஆக, குறை ரௌட்டரில் டிஎன்எஸ் கேள்விகளை வாங்கி அனுப்பும் பகுதியில்தான்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ரௌட்டர் சரியாக நடந்துகொள்கிறது என்பதைப் பதிவே காட்டிவிட்டதால், பெயர் தேடும் அமைப்புக் கோப்பில் 'சிங்கிள் ரெக்வெஸ்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். மறுநாள் பையை அணைத்து ஏற்றியதும் அந்த வரி காணாமல் போயிருந்தது. இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நிரல் அக்கோப்பைத் தானே புதிதாக எழுதுகிறது. ஆகவே அந்நிரலின் அமைப்பில் அதே விருப்பத்தைக் குறித்த பின்னரே மாற்றம் நிலைத்தது. அதன்பின் இரண்டு இரவு பதிவுசெய்ததில் பதில் இல்லாத கேள்வி ஒன்றும் இல்லை.

வீட்டார் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்பது இப்படிப்பட்ட பதிவில் பச்சையாகத் தெரியும் என்பதால், பையின் முகவரியை மட்டுமே வடிகட்டிப் பதிவுசெய்தேன். வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்தும்விட்டேன். அடுத்ததாக, 2018 வரை ப்ரோ என்று அழைக்கப்பட்ட ஸீக் என்ற வலைக் கண்காணிப்பு நிரலை நிறுவியிருக்கிறேன். அது பாக்கெட்டுகளைச் சேமிக்காமல் ஒவ்வொரு டிஎன்எஸ் உரையாடலையும் ஒரு வரியாகக் குறித்து வைப்பதால், ஒரு வாரம் முழுவதும் பையில் ஓடவிட்டுப் பார்க்க இடம் போதும்.