அஞ்சேலும் என்னீர்: ஒரு திருவதிகைப் பயணம்

தம்பிக்கு வயிற்று வலி வந்தது பங்குனி முதல் வாரத்தில். வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் மனைவி போன் செய்து, "அண்ணி, அவர் தரையில உருண்டுக்கிட்டு இருக்கார்" என்று அழுதாள். விடிவதற்குள் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவி வந்து குழாயை அடைத்துக்கொண்டதில் கணையம் வீங்கிப் புண்ணாகிவிட்டது என்றார் டாக்டர். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா, பார்க்கலாம்" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 11 நாள் கிடந்தோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்தான் விடுவார்கள். முதல் சில நாள் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "அக்கா, ஒரு வாய் தண்ணி." நர்ஸ் பெண் பஞ்சை நனைத்துக் கையில் கொடுப்பாள். அதை அவன் உதட்டில் ஒற்றி எடுப்பேன். உதடு தோலுரிந்து சாம்பல் நிறமாக இருக்கும். 42 வயது ஆண்பிள்ளை, அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்வான். விடுவித்து எடுக்க வேண்டும். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான வேலை ஒன்றை நான் செய்ததில்லை.

எங்களுக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அவனுக்குத் தலை வாரிவிட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் நான்தான். அப்பா திருநீறு பூசும்போது தேவாரம் பாடுவார். அவர் போன பிறகு நாங்கள் யாரும் பாடவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

காத்திருப்பு அறையில் நான்காம் நாள், கைப்பையில் சில்லறை தேடியபோது ஒரு சின்னப் பதிகப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. ஏதோ கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தது. பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. முதல் பக்கத்திலேயே நான்காம் திருமுறையின் முதல் பதிகம் இருந்தது. அப்பர் பெருமான் சூலை நோய் என்ற கொடிய வயிற்று வலி தாங்காமல் திருவதிகையில் பாடிய பத்துப் பாட்டு. அப்பா வாயால் ஆயிரம் முறை கேட்ட வரிகள். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

"தோற்றாது என் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட, ஆற்றேன் அடியேன்."

வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே குடலைச் சுருட்டி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவனின் வலியை 7ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். பத்தாம் பாட்டில் "வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால் என் வேதனை ஆன விலக்கியிடாய்" என்று வருகிறது. வியர்த்து, புரண்டு, விழுந்து, எழுந்து. அந்த ராத்திரி அவன் வீட்டுத் தரையில் நடந்தது அப்படியே இதுதான்.

அந்த ஐந்தாறு நாளில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லதே நினைங்க, தைரியமா இருங்க" என்றுதான் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனால் தைரியமாக இருப்பதும் ஒரு கூடுதல் சுமையாகிவிட்டது. அப்பர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "அஞ்சேலும் என்னீர்" என்று இறைவனிடமே குறைப்படுகிறார். நோயைத் தீர்ப்பது இருக்கட்டும், 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறீரே! கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்று நான் கேட்டுக்கொண்டேன். திருமுறையே பேசுகிறது, அப்புறம் என்ன? அந்தக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நானும் பேசினேன். அழுதேன் என்பதுதான் சரி. அழுது முடித்தபோது பக்கத்து நாற்காலி அம்மா தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

12ஆம் நாள் காலை, காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்றார்கள். ஆனால் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மாலை ஐந்து மணி வரை என்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. "அண்ணி, நீங்க எங்கயாச்சும் போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றாள் அவன் மனைவி. நான் பண்ருட்டி பஸ் ஏறினேன்.

நெல்லிக்குப்பம் தாண்டும்போது ஜன்னல் வழியாகச் சர்க்கரை ஆலை வாடை வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பர் பெருமானும் இந்தப் பக்கமாகத்தானே வந்திருப்பார்! கடலூரில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்தான் அந்தக் காலத்துப் பாடலிபுத்திரம். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்த அப்பர், சமண சமயம் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக விளங்கியது அங்கேதான். சூலை வந்தது அங்கே. யாராலும் தீர்க்க முடியாமல் போனபோது, திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். அக்கா அங்கே வர மறுத்துவிடுகிறார். பிறகு ஒரு ராத்திரியில், உடுத்தியிருந்த பாயைக் களைந்து வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அவரே புறப்பட்டு வருகிறார். நான் ஏ.சி. இல்லாத பஸ்ஸுக்கே முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குடல் முடக்கும் வலியோடு, இருட்டில், அக்கா வீட்டை நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

பண்ருட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். சாலையோரத்தில் பலாப்பழம் அடுக்கியிருந்தார்கள். கோயில் ஊரை ஒட்டியே இருக்கிறது. ராஜகோபுர வாசலில் ஒரு கணம் கால் தயங்கியது. சுந்தரர் இந்த ஊருக்கு வந்தபோது, அப்பர் கையால் புல் செதுக்கி உழவாரம் செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்குள் வராமல் சித்தவடமடத்தில் தங்கிவிட்டார் என்பார்கள். அன்று ராத்திரி ஒரு கிழவர் வடிவில் வந்து, தூங்கும் சுந்தரரின் தலைமேல் கால் வைத்தாராம் இறைவன். அப்படிப்பட்ட இடம். செருப்பை விட்டுவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

சிவன் திரிபுரம் எரித்த தலம் இது, அவர் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. விமானம் தேர் போலவே இருக்கும். மூலவர் 16 பட்டை கொண்ட பெரிய லிங்கத் திருமேனி. விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக விழுந்து நின்றது. கூட்டமே இல்லை. குருக்கள் தம்பியின் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்தார். எனக்குக் கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் நாற்காலியிலேயே கேட்டாகிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

அப்புறம் திலகவதியார் சந்நிதிக்கு வந்தேன். அங்கேதான் நான் உட்கார்ந்துவிட்டேன்.

திலகவதியாரின் கதையை நான் அவர் தம்பி அப்பரின் கதைக்கு முன்னுரையாகவே கேட்டு வளர்ந்தவள். அவருக்குக் கலிப்பகையார் என்ற சேனைத் தலைவரைப் பேசி முடித்திருந்தார்கள். திருமணத்துக்கு முன்பே அவர் போரில் இறந்துபோனார். அதற்கு முன்பே அப்பா புகழனாரும் அம்மா மாதினியாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். திலகவதியாரும் உயிரை விடத் துணிந்தபோது, சின்னப் பையன் காலில் விழுந்து அழுகிறான். நீயும் போனால் நான் உனக்கு முன்னால் போவேன் என்கிறான். "தம்பியார் உளராக வேண்டுமென வைத்த தயா" என்று பெரியபுராணத்தில் பாடுகிறார் சேக்கிழார். தம்பி உயிரோடு இருக்க வேண்டும், அதற்காக அவர் உயிர் தாங்கினார். இதைப் படித்துவிட்டு ஓர் அக்கா எப்படிச் சும்மா எழுந்து போக முடியும்?

புத்தகத்தை எடுத்து அந்தச் சந்நிதிக்கு எதிரேயே வைத்துப் படித்தேன். ஆறாம் பாட்டு வந்தது.

"சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடு இசை பாடல் மறந்தறியேன், நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன், உன் நாமம் என் நாவில் மறந்தறியேன்."

சின்ன வயதிலிருந்தே இந்தப் பாட்டு எனக்குப் புரியாத ஒன்று. இத்தனை வருடம் வேறு வழியில் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பி வந்தவர், தண்ணீரையும் பூவையும் தூபத்தையும் ஒருநாளும் மறந்ததில்லை என்று எப்படிப் பாடுவார்? முற்பிறவித் தொடர்பு என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அன்று தோன்றியது வேறு. அந்தக் கோயிலில் தினமும் இருட்டோடு எழுந்து, துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியுமாகப் போய்ப் பெருக்கி மெழுகி, பூப்பறித்துத் தொடுத்துக் கொடுத்தவர் அக்கா. தம்பி மறந்த காலமெல்லாம் அவனுக்கும் சேர்த்து மறக்காமல் இருந்தவர் அவர். 'மறந்தறியேன்' என்று தம்பி பாடியது பொய்யாகாமல் காத்தது அந்தக் கைகள்தான் என்று பட்டது. இது என் மனசுக்குப் பட்டது, உரையாசிரியர் சொன்னதல்ல. ஆனால் அதிலிருந்து என்னால் நகர முடியவில்லை. என் தம்பிக்கு இப்போது கும்பிடத் தெம்பில்லை, அவனுக்கும் சேர்த்து நான் கும்பிட்டால் போதும்.

கிளம்பும் முன் கெடிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆற்றுப் பக்கம் போனேன். பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'அதிகைக் கெடில' என்று வருமே, அந்த ஆறு. வெயிலில் மணல்தான் தெரிந்தது. ஓரமாக ஒரு கோடு தண்ணீர். ஐந்தாம் பாட்டை அங்கே நின்று படித்தேன். கரையில் நின்றவர்கள் 'ஆழத்தை நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லி மடுவில் தள்ளிவிட்டார்கள், கால் ஊன்ற ஒரு துறையும் தெரியவில்லை என்கிறார் அதில். "நிலைக்கொள்ளும் வழித்துறை ஒன்றறியேன்." இப்படிப் பாடியவரைத்தான் பிறகு நிஜமாகவே கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது பெரியபுராணம். "சொற்றுணை வேதியன்" என்று தொடங்கி நமச்சிவாயப் பதிகம் பாடினார், கல்லே தெப்பமாக மிதந்தது. அவர் கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் ஊருக்குக் கடலூரில் இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். தம்பி படுத்திருந்த மருத்துவமனையிலிருந்து அது அதிக தூரமில்லை.

ஐந்து மணிக்கு முன்பே திரும்பிவிட்டேன். கையில் காகிதத்தில் மடித்த திருநீறு. நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெத்தியில மட்டும், லேசா, மூக்குக்குள்ள போகாம" என்றாள். "திருவாளன் திருநீறு திலகவதியார் அளிப்ப" என்று சேக்கிழார் பாடும் இடம் நினைவில் ஓடியது. விரல் நடுங்கியது. ஒரு கீற்று வைத்தேன். கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்பான் என்று நினைத்தேன். "அப்பா வாசனை வருது" என்றான்.

பதிகம் படித்ததால் அவன் பிழைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர்களும் அந்த நர்ஸ் பெண்களும் ராப்பகலாகப் பார்த்தார்கள், அவர்கள் கை நன்றாக இருக்க வேண்டும். பதிகம் பிழைக்க வைத்தது என்னை. அதற்குப் பிறகும் ஒரு வாரம் உள்ளே இருந்தான். நான் தினமும் சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கரையேறிய பிறகு அப்பர் அங்கே பாடியது "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்" என்ற பாட்டு. பெற்றவளும் தகப்பனும் கூடப் பிறந்தவரும் ஆகி, கண்ணுக்குத் தெரியாமலே கூட இருப்பவனைத் "தோன்றாத் துணை" என்கிறார். அம்மா, அப்பா, அக்கா. மூன்றையும் ஒரே வரியில் வைத்துவிட்டார்.

சித்திரையில் பித்தப்பையை எடுத்தார்கள். வைகாசி கடைசியில் அவனே "அக்கா, அந்தக் கோயிலுக்குப் போகலாமா?" என்று கேட்டான். இந்த முறை காரில் போனோம், பிள்ளைகளும் வந்தார்கள். திருவதிகையில் தலவிருட்சம் சரக்கொன்றை. பிரகாரத்தில் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. சாமி கும்பிட்டுவிட்டு வந்தவன், சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வேண்டாம்டா, தையல் இழுக்கும்" என்றேன்.

"நாலு இழுப்புதான்க்கா" என்று குனிந்தான். சருகை மட்டும் ஒதுக்கி, கொன்றைப் பூவை விட்டுவிட்டுப் பெருக்கினான்.