30-30ல 150 கிரெய்னா 170ஆ, ஈரப் பேப்பர்ல சுட்டுப் பார்த்த கதை

இந்த மான் வேட்டை சீசனுக்கு என் லீவர் ஆக்‌ஷன் 30-30ல (30-30ங்கிறது தோட்டா வகை) 170 கிரெய்ன் புல்லட் தான்னு முடிவாயிடுச்சு, கிரெய்ன்ங்கிறது புல்லட் எடைய சொல்ற அளவு. 150 கிரெய்ன் பெட்டி இன்னும் பாதி கிடக்கு, அது குறி பழகுறதுக்கு ஆகும். ஏன் இந்த முடிவுன்னு எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி நடுத்தர வேக ரைஃபிள் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் குழப்பத்துல மாட்டுவாங்க.

முதல்ல பேப்பர் கணக்கு. ரெமிங்டன் கம்பெனியோட கோர்-லாக்ட் தோட்டா பட்டியல எடுத்துப் பாருங்க, 150 கிரெய்ன் பேரல விட்டு வெளிய வரும்போது வினாடிக்கு 2390 அடி, 170 கிரெய்ன் 2200 அடி. 190 அடி வித்தியாசம், பெருசா தான் தெரியும். 100 யார்டுல 1973க்கு 1895. 200 யார்டு போனா 1605க்கு 1619, அதாவது வெயிட்டான புல்லட் முந்திடுது! ஆற்றல்னு பார்த்தா 100 யார்டுலயே 170 முன்னாடி வந்துடுது, 200ல 858 அடி-பவுண்டுக்கு 989. ரெண்டும் ஒரே விட்டம், மூக்கும் கிட்டத்தட்ட ஒரே மொட்டை மூக்கு, அதனால காத்து ரெண்டையும் ஒரே மாதிரி தான் பிடிச்சு இழுக்கும், ஆனா எடை கூட இருக்கிறது அவ்வளவு சீக்கிரம் வேகத்த விடாது. குறுக்குப் பரப்புக்கு எவ்வளவு எடைன்னு பார்க்கிற செக்‌ஷனல் டென்சிட்டி கணக்குலயும் 150க்கு 0.226, 170க்கு 0.256. கிளம்புற வேகத்த மட்டும் பெட்டி மேல பெருசா போட்டு விக்கிறாங்க, மானுக்கு அந்த நம்பரப் பத்தி என்ன கவலை, அது நிக்கிற இடத்துல புல்லட் என்ன வேகத்துல வருதுங்கிறது தானே முக்கியம்.

ஆனா வெயிட் மட்டும் கதைய முடிக்காது. அதுக்குத் தான் ஈரப் பேப்பர்.

பழைய நியூஸ் பேப்பர கட்டுக்கட்டா கட்டி ராத்திரி முழுக்க தண்ணில ஊற வச்சு, காலைல வடிய விட்டு ஒரு மரப்பெட்டிக்குள்ள நெருக்கி அடுக்கிட்டா ஓரளவுக்கு நல்ல டெஸ்ட் மீடியம் கிடைக்கும். சதை மாதிரியே இருக்கும்னு சொல்ல மாட்டேன், சதைய விட இது கடினம், விலா எலும்பு தோல்னு எதுவும் இதுல கிடையாது, ஆனா ஒரே கட்டுல ரெண்டு புல்லட்ட பக்கத்துல பக்கத்துல சுட்டா ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், எனக்கு அது போதும். சுட்டதுக்கப்புறம் பேப்பர அடுக்கடுக்கா உரிச்சுக்கிட்டே போகணும், கை முழுக்க சாம்பல் கலர் கூழ், நடுவுல துளை எங்க அகலமாகுது, எங்க திரும்ப சுருங்குதுன்னு பார்த்துக்கிட்டே போனா கடைசில புல்லட் கைக்கு வரும். 100 யார்டுல இருந்து சுட்ட 170 வெளிய வந்தப்போ செம்பு ஜாக்கெட் நாலு பக்கமும் இதழ் மாதிரி பின்னால மடங்கி, ஈயம் வழிஞ்சு விளிம்பு தடிச்சு, அளக்கிற காலிப்பர் கருவி வச்சுப் பார்த்தா அரை இஞ்சுக்கு மேல விரிஞ்சிருந்துச்சு, அடிப்பாகம் மட்டும் பேரலோட வரிக்கோடு கூட அழியாம அப்படியே. 150உம் நல்லா தான் விரிஞ்சுது, ஆனா சீக்கிரம் விரிஞ்சு சீக்கிரம் நின்னுடுச்சு, 170 அதைத் தாண்டி இன்னும் உள்ள போயிருந்துச்சு.

உண்மையான பாடம் அடுத்த டெஸ்ட்ல. 308 வின்செஸ்டர்னு இன்னொரு தோட்டாவுல 180 கிரெய்ன், ஆனா அதை விட வேகமான 300 மேக்னம் தோட்டாவோட வேகத்துக்குன்னு தடிச்ச ஜாக்கெட் போட்டு செஞ்ச புல்லட், அதை வேகம் குறைச்சு லோட் பண்ணி சுட்டேன் (லோட் புக்ல போட்டிருக்கிற கீழ் எல்லைக்குள்ள தான், மெதுவா எரியற பவுடர இஷ்டத்துக்குக் குறைச்சா அழுத்தம் எகிறிப் போற ஆபத்து இருக்கு, அந்த வேலையே வேண்டாம்). வேகம் அளக்கிற குரோனோகிராஃப்ல 1900 அடி பக்கம் காட்டுச்சு. பேப்பர்ல பென்சில் அளவு துளை, பின்னால இருந்த கட்டையும் தாண்டி மண்ணுல போய் சொருகிடுச்சு. தோண்டி எடுத்தா மூக்கு மட்டும் லேசா நசுங்கியிருக்கு, அவ்வளவு தான். எடை கூட, ஆழம் கூட, ஆனா மானுக்கு இத வச்சு என்ன பண்றது? நுரையீரல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டுட்டு மறுபக்கம் போயிடும், மான் எவ்வளவு தூரம் ஓடும்னு யாருக்கும் தெரியாது.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். வெயிட் புல்லட் பத்திப் பேச்சு வந்தா உடனே யாராவது பழைய ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் பேர இழுப்பாங்க, 7×57 தோட்டாவுல 173 கிரெய்ன் வச்சு யானையவே சாய்ச்சார்னு. சாய்ச்சார், உண்மை. ஆனா அது விரியவே விரியாத சாலிட் புல்லட், மண்டை ஓட்டைத் துளைச்சு மூளைக்குப் போகணும்னு செஞ்சது. மானோட விலாவுல அந்த வேலையே இல்ல. அதே மாதிரி 6.5×55 தோட்டாவுல 156, 160 கிரெய்ன் உருண்டை மூக்கு புல்லட் நல்லா வேலை செய்யுதுன்னா எடையும் நீளமும் மட்டும் காரணம் இல்ல, அந்த மிதமான வேகத்துக்கே விரியற மாதிரி ஈய மூக்கு நிறைய வெளிய தெரியற டிசைன் அது.

அதனால நான் இப்போ பார்க்கிற வரிசை தலைகீழ். என்னோட அதிகபட்ச தூரத்துல வேகம் என்ன இருக்கும்னு முதல்ல, அந்த வேகத்துல விரியும்னு கம்பெனி சொல்ற புல்லட் எதுன்னு அடுத்து, அந்த லிஸ்ட்ல இருக்கிறதுல வெயிட்டானது எதுன்னு கடைசில. சாதாரண சாஃப்ட் பாயிண்ட் (மூக்குல ஈயம் வெளிய தெரியற புல்லட்) நிறைய, வேகம் 1800 அடி வரைக்கும் குறைஞ்சாலும் விரியும், 30-30க்குன்னே செஞ்சது அதுக்குக் கீழயும் விரியும். முழு செம்பு புல்லட்ல சிலதுக்கு 2000 வேணும், தவிர அதே எடைக்கு ஈயத்த விட நீளமாவும் இருக்கும், நீளம் கூடினா பேரல் ட்விஸ்ட், அதாவது பேரல் உள்ள இருக்கிற வரி எத்தனை இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்துதுங்கிறது, இடிக்கும். கிரீன்ஹில் சூத்திரம் போட்டுப் பாருங்க, விட்டத்தோட வர்க்கத்த 150ஆல பெருக்கி புல்லட் நீளத்தால வகுக்கணும். 0.308 விட்டம், 1.3 இஞ்ச் நீளம்னா 11 இஞ்சுக்கு ஒரு சுத்து வேணும்னு வருது. 10 ட்விஸ்ட் பேரல்ல கவலையில்ல, 12ல சந்தேகம் தான்.

லீவர் ரைஃபிள்ல இன்னொரு தொல்லை, குழாய் மேகசின்ல ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்கிற தோட்டாவோட பிரைமர் (அடிச்சா தீப்பிடிக்கிற அடிப்பக்க மூடி) மேல தான் உக்காந்திருக்கும், அதனால கூர் மூக்கு கிட்டயே போகக்கூடாது, மொட்டை மூக்கு இல்லன்னா ஹார்னடி கம்பெனி தோட்டா மாதிரி ரப்பர் போல மெத்துனு நுனி வச்சது.

பர்மிட் கிடைச்சு இந்த 170 கிரெய்ன காட்டுல ஒரு மான் மேலயும் பார்த்தாச்சு. நூறு யார்டுக்கு உள்ள, பக்கவாட்டுல நின்னுச்சு, முன்னங்காலுக்குப் பின்னாடி விலா நடுவுல பட்டுச்சு. துள்ளிட்டு புதருக்குள்ள ஓடிடுச்சு, ஆனா புல்லட் மறுபக்கம் வெளிய போயிருந்ததால ரெண்டு பக்கமும் இலை மேல ரத்தம், நுரை நுரையா, தேடவே வேண்டியிருக்கல. உரிக்கும்போது பார்த்தா உள்ள போன துளை சின்னது, வெளிய வந்தது கட்டைவிரல் நுழையற அளவு, நுரையீரல் ரெண்டும் போயிருந்துச்சு. சப்பைல ரத்தம் கட்டி கறி வீணானது ஒரு கைப்பிடி கூட வராது. வேகமான லைட் புல்லட் கிட்டத்துல தோள்ல பட்டு ஒரு முன்னங்கால் மொத்தமும் ஜெல்லி மாதிரி ஆனத வேற ஒருத்தர் வேட்டைல பார்த்திருக்கேன்.

நஷ்டம் இல்லாம இல்ல. 100 யார்டுல சரியா படற மாதிரி சைட் வச்சா 150 யார்டுல மூணு இஞ்ச் போல இறங்கும், 200 யார்டுல எட்டு ஒன்பது இஞ்ச், மானோட நெஞ்சுக்குள்ள இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதியே அவ்வளவு தான் இருக்கும். தூரத்த கொஞ்சம் தப்பா கணிச்சா வயித்துலயோ கால்லயோ போய் படும். அதனால 150 யார்டு தான் என் எல்லை, அங்க இன்னும் 1750 அடி மிச்சம் இருக்கும், இந்த புல்லட்டுக்கு அது போதும்.

அடுத்து 35 ரெமிங்டன்னு இன்னொரு தோட்டாவுல 200 கிரெய்ன் பார்க்கணும். 2080 அடில கிளம்புது, எடை கூடினாலும் விட்டமும் பெருசுங்கிறதால செக்‌ஷனல் டென்சிட்டி 0.223 தான், 30-30ல 150 கிரெய்ன விட ஒரு துளி கம்மி. ஆழம் குறைஞ்சு துளை அகலமா வரணும்னு கணக்கு சொல்லுது. பேப்பர் சேர்த்துக்கிட்டு இருக்கேன்.